நீல விளக்கின் துடிப்பு

அந்த அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் குழந்தையைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் நீல வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. இமை கொட்டுவது போலத்தான், ஆனால் அதைவிட வேகம்.

அரியலூரில் ஓர் ஒதுக்குப்புறத் தெருவில் இருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடியறை அது. கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டிய ஒரு பெண் சிசு, இடுப்புத் துணியோடு அந்த விளக்கின் கீழே கிடந்தது. பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. ரத்தத்தில் ஏறிய மஞ்சளைக் கரைத்து வெளியேற்றத்தான் அந்த நீல வெளிச்சம்.

விளக்கு நான் செய்தது.

“காலையில கரண்டு போனதுலேருந்து இப்படித்தாங்க்கா அடிச்சுக்குது. நின்னு எரிய மாட்டேங்குது” என்றாள் நர்ஸ் மேரி. அவள்தான் எனக்கு போன் செய்தவள். “பராமரிப்புன்னு இன்னிக்குப் பூரா கரண்டு கிடையாது. ஜெனரேட்டர் ரிப்பேர்ல கெடக்கு. பேட்டரிலதான் ஓடுது.”

கதவருகே நின்றிருந்த டாக்டரம்மா மெதுவான குரலில் சொன்னார்: “மஞ்சள் ஏறிக்கிட்டே இருக்கும்மா. லைட்டு ஒழுங்கா எரிஞ்சா இங்கேயே பார்த்துக்கலாம். இல்லன்னா தஞ்சாவூர் அனுப்பணும். ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், அது வேற எங்கேயோ போயிருக்காம்.”

என் பின்னால் படியில் மூச்சிரைக்கும் சத்தம். என் கணவர் செல்வராசு, எங்கள் மகள் சுபாவைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். பதினைந்து வயதைத் தாண்டிய பெண். அவளைக் கீழே வெயிலில் வண்டியிலேயே விட்டுவிட்டு வர முடியாது. வீட்டில் விட்டுவரவும் ஆள் இல்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் குழந்தையின் தாய் உட்கார்ந்திருந்தாள். தா.பழூர்ப் பக்கத்து நடவு வேலைக் குடும்பம். பெயர் சத்யா. தலைப்பிரசவம். அவளுடைய அம்மா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். துடிக்கும் வெளிச்சத்தில் சத்யாவின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

வீட்டில் இரண்டு டிரைவர்

இந்தத் தொடரில் என் தொழில் பற்றிப் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். “எல்.இ.டி. டிரைவர்னா என்னங்க, அதுக்கும் லைசென்ஸ் உண்டா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. குன்னத்தில் என் சொந்தக்காரர்கள் பலரும் நான் வேன் ஓட்டுவதாகத்தான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். செல்வராசு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சின்ன வெங்காய மூட்டைகளை ஊர்களிலிருந்து பெரம்பலூருக்குக் கொண்டுவருவார். “எங்க வூட்டுல ரெண்டு டிரைவர். நான் ஓட்டுற டிரைவர், அவ ஒட்டுற டிரைவர்” என்று நான் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலையை வைத்துச் சொல்லிச் சிரிப்பார்.

எல்.இ.டி. கொஞ்சம் முரட்டுப் பொருள். மின்னழுத்தம் துளி கூடினாலும் அதற்குள் ஓடும் கரண்ட் எக்கச்சக்கமாக ஏறி, அதுவே கருகிவிடும். ஆகவே அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்று காவலுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். போகிற கரண்டை ஓயாமல் அளக்க வேண்டும். கூடினால் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். அந்தச் சுற்றுதான் டிரைவர். அளந்து பார்த்துத் திருத்துகிற அந்த வேலைக்குப் பெயர் ஃபீட்பேக்.

சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. குழம்பில் உப்பைப் போட்டு, அது கரையும் முன்பே ருசி பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தவில்லை என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோம். கரைந்ததும் கரிக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறோம். சப்பென்றாகிறது. மறுபடி உப்பு. அந்தக் குழம்பு எந்தக் காலத்திலும் பதத்துக்கு வராது. விளக்கும் அப்படித்தான். திருத்துவதில் அவசரம் காட்டினால் நிலைகொள்ளாமல் துடிக்கும். ரொம்பவும் சோம்பினால், ஆபத்து வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். எவ்வளவு பொறுத்து ருசி பார்ப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது.

பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்துவிட்டுச் சென்னையில் பவர் சப்ளை செய்யும் கம்பெனியில் இருந்தேன். கடை போர்டுக்கும் தெரு விளக்குக்கும் டிரைவர் வடிவமைத்துக்கொண்டு அங்கேயே இருந்திருப்பேன். சுபா பிறந்தாள்.

எரிந்துகொண்டுதான் இருந்தது

சுபா பிறந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. மூடி வெகுகாலமாகிறது. இருந்திருந்தாலும் அதன் பெயரை எழுதிப் பயனில்லை.

பிறந்த சில நாளில் கண் வெள்ளை மஞ்சளாகியது. “காமாலைதான், லைட்டுல வெச்சா எறங்கிடும்” என்றார்கள். நீலக் குழல் விளக்குகள் வரிசையாக மாட்டிய ஒரு பெட்டியின் கீழே படுக்க வைத்தார்கள். அறை முழுக்க நீலம். நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். சுபா தூங்கிக்கொண்டே இருந்தாள். பாலுக்கு எழுப்பினாலும் எழவில்லை. பிறகு ஒரு மாதிரிக் கிறீச்சென்று அழுதாள், உடம்பு வில்லாக வளைந்தது. திருச்சிக்கு ஓடினோம். ரத்தத்தையே மாற்றினார்கள். அதற்குள் மஞ்சள் மூளையில் படிந்துவிட்டது.

அந்தக் குழல்கள் பழையவை என்று பின்னால் தெரிந்தது. கண்ணுக்கு நீலமாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிற வெளிச்சம் அதில் என்றோ வற்றிப்போயிருந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது. அது போதவில்லை.

சுபாவுக்குக் காது கேட்கவில்லை. கையும் காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் அது முறுக்கிக்கொண்டு வேறெங்கோ போகும். திரும்பக் கொண்டுவரப் பார்த்தால் இந்தப் பக்கம் தாண்டிவிடும். கண்கள் மேல்நோக்கி ஏறாது. கூரையில் பல்லியைக் காட்ட வேண்டும் என்றாலும் அவளை மடியில் மல்லாக்கச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

புத்தி மட்டும் முழுசாக இருந்தது. அதைப் பலர் நம்பவில்லை. இரண்டு கண்ணையும் இறுக மூடினால் ‘ஆமாம்’. முகத்தை இடப்பக்கம் திருப்பினால் ‘இல்லை’. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவள் எங்களை ஆட்டிவைத்தாள். எந்தச் சட்டை என்பதிலிருந்து எந்தச் சேனல் என்பது வரை அவள் ராஜ்ஜியம்தான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். நான் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். துறைமங்கலத்தில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காமாலைக் குழந்தைகளுக்கான எல்.இ.டி. விளக்கு செய்ய ஆரம்பித்தேன். சேவை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் அந்த விளக்கின் மீது கோபப்பட்டேன். கோபம் போகாததால் அதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். சுபாவின் சக்கர நாற்காலி என் மேஜைக்கு இடப்பக்கம் இருக்கும். விளக்குகளைச் சோதிக்கும்போது அவளுக்கு எதிரே தாழ்வாகப் பிடிப்பேன். நீல வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் சிரிப்பாள்.

மணிக் கம்பி

மேரி பேட்டரியில் குறை இருக்குமோ என்றாள். அளந்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கின் முனையில் அளந்தபோது முள் தத்தளித்தது. இறங்கும், சட்டென்று எகிறும், மறுபடி இறங்கும்.

“பேட்டரி முன்னாடி இந்த ரூம் மூலையிலதானே இருந்துச்சு மேரி?”

“ஆமாங்க்கா. ஆசிட் வாடை புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு கீழ படிக்கட்டுக்கு அடியில கொண்டுபோய் வெச்சுட்டாங்க. எலக்ட்ரீஷியன் வந்து கம்பி இழுத்துக் குடுத்தாரு.”

அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய கம்பி. மாடிக்கும் கீழுக்கும் அத்தனை தூரம்.

எனக்கு விளங்கிவிட்டது. கம்பி மெல்லியதாக இருந்தால் வழியிலேயே அழுத்தம் குறையும். குறைந்தால் என் டிரைவர் என்ன செய்யும்? அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: வெளிச்சம் குறையக் கூடாது. ஆகவே கரண்டை அதிகமாக இழுக்கும். அதிகம் இழுத்தால் கம்பியில் இன்னும் அழுத்தம் விழும். இன்னும் இழுக்கும். கடைசியில் அழுத்தம் அடிமட்டத்துக்குப் போய் டிரைவர் அணைந்துவிடும். அணைந்ததும் இழுப்பு நிற்கும், அழுத்தம் மீளும், டிரைவர் விழிக்கும், மறுபடி அதே கதை. எதுவும் பழுதில்லை. எல்லாம் சொன்னபடிதான் வேலை செய்தன. சேர்ந்து வேலை செய்தபோது ஒரு குழந்தையின் மேல் வெளிச்சம் விட்டு விட்டு விழுந்தது.

கனத்த கம்பி அந்த நேரம் அங்கே இல்லை. கீழே இருந்த பேட்டரியோ இரண்டு ஆள் தூக்கும் எடை, அதில் ஆஸ்பத்திரியின் மற்ற விளக்குகளும் மாட்டியிருந்தன.

“ஏங்க, நம்ம வண்டி பேட்டரியைக் கழட்டிக் கொண்டாங்க.”

செல்வராசு என்னைப் பார்த்தார். “கழட்டிட்டா வண்டி?”

“அப்புறம் தள்ளிக்கலாங்க.”

சுபாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் துண்டால் கட்டிவிட்டு இறங்கிப் போனார்.

“இந்தப் பாப்பாவுக்கு என்னங்க்கா?”

கம்பியின் முனைகளைச் சீவிக்கொண்டிருந்தேன்.  சத்யா சுபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபாவின் கை நாற்காலிக் கைப்பிடியில் பட்டு எகிறியது, திரும்பியது, மறுபடி எகிறியது.

“இந்தப் பாப்பாவுக்கு என்னங்க்கா?” என்றாள்.

இந்தக் கேள்வியை பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். குழந்தைக் காமாலையைச் சும்மா விடாதீர்கள் என்று சொல்ல அதுவே வாய்ப்பு என்று நினைப்பேன். அன்று மட்டும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவள் குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் துடிக்கும் வெளிச்சத்தில் கிடக்கிறது.

“சின்னதுல காய்ச்சல் வந்துச்சும்மா” என்றேன்.

சுபா என் உதட்டைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். பிறகு முகத்தை இடப்பக்கம் திருப்பினாள்.

இல்லை.

சத்யாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மா பொய் சொல்கிறாள் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, அல்லது அந்தக் குழந்தைக்கு அப்படி ஆகாது என்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவளிடம் இருந்ததே இரண்டு சொல்தான்.

செல்வராசு பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் கறை. குட்டைக் கம்பியால் இணைத்தேன். சுவரில் நீலம் வந்தது. நின்றது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை.

நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் வெளிச்சமானியைக் குழந்தையின் வயிற்றுக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். போதிய அளவு இருந்தது. மறுபடி பார்த்தேன். டாக்டரம்மா “போதும்மா, சரியா இருக்கு” என்று சொன்ன பிறகும் இன்னொரு முறை பார்த்தேன்.

பொழுது சாயும் முன் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறுவது நின்று இறங்கத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்தது. செல்வராசு பேட்டரியை வண்டியில் மாட்டப் போனார். நான் சாமான்களை எடுத்து வைத்தேன்.

சத்யா எழுந்து என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“காய்ச்சல் இல்லதானேங்க்கா? இதே காமாலைதானே?”

கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

“நீங்க அந்த மீட்டரப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

தலையை மட்டும் அசைத்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுபா இருந்த நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். சுபாவின் வலக் கையைப் பிடித்தாள். அது முறுக்கியது. பிடித்து இழுக்காமல், அது போகிற பக்கமே தன் கையையும் போகவிட்டு, கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்து, மெல்லக் கொண்டுவந்து குழந்தையின் பாதத்தின் மேல் வைத்தாள்.

இதற்கு முன் எந்தத் தாயும் சுபாவைத் தன் குழந்தையைத் தொட விட்டதில்லை. அவள் கை எப்போது எகிறும் என்று தெரியாது. பயந்து தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் அன்று அந்தக் கை அசையாமல் இருந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை, ஒரு சில மூச்சு. சுபா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைப் புழுதிக்குள் வண்டி ஊர்ந்து வந்தது. சுபா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். செல்வராசு, “அந்தப் பொண்ணுக்கு மனசு பெருசு” என்றார். 

இரண்டு காவல்

மறுநாளே மேரியிடம் சொல்லிக் கனத்த கம்பி போட வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் யார் எந்தக் கம்பியை இழுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டிரைவருக்கு நான் கற்றுக்கொடுத்ததை மாற்ற வேண்டும். அழுத்தம் குறையும்போது இன்னும் இழுக்காதே, கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள், மங்கினாலும் நின்று எரி, மங்கியிருக்கிறேன் என்று மணியடித்துச் சொல். அது மட்டுமல்ல. எரிகிறதா என்று பார்த்தால் போதாது, குழந்தையின் மேல் எவ்வளவு விழுகிறது என்று விளக்கே பார்க்க வேண்டும். அதற்கு வெளிச்சத்தை அளக்கும் ஒரு சின்னக் கண்ணை வைத்தேன்.

முதல் பாதி சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டாவது பாதி என்னை உண்டு இல்லை என்று ஆக்கியது. கரண்டை அளந்து திருத்த ஒரு காவல், வெளிச்சத்தை அளந்து திருத்த இன்னொரு காவல். ஒரே வண்டியின் ஸ்டீயரிங்கை இரண்டு பேர் பிடித்த கதையாயிற்று. இது கூட்டினால் அது குறைக்கும். கரண்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் கோடு நேராக ஓடாமல் அலையடித்தது. கெப்பாசிட்டரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன். ஒரு நாள் அடங்கியது போலிருக்கும். கொட்டகைத் தகரம் வெயிலில் காய்ந்ததும் மறுபடி அலை.

அந்தக் கோடை முழுதும் சுபா பக்கத்திலேயே இருந்தாள். “இது சரியா வருமாடி?” என்று கேட்டால் சில நாள் கண்ணை மூடுவாள். சில நாள் இடப்பக்கம் திரும்புவாள். அன்றைக்கு அவளுக்கு என்ன மனநிலையோ அதுதான் பதில். விளக்கின் எதிர்காலம் பற்றி அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வேலையை நிறுத்திவிட்டு நான் அவளைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மழை

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. சுபாவுக்குச் சளி கட்டியது. ஒவ்வொரு மழைக்கும் வருவதுதான் என்று நீராவி பிடித்தோம், மார்பைத் தட்டிக்கொடுத்தோம். இந்த முறை அது கேட்கவில்லை. திருச்சியில் சேர்த்தோம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். கைகள் இரண்டும் ஓய்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து அவள் கைகளை அப்படி அமைதியாக நான் பார்த்ததில்லை. நல்லாகி வருகிறாள் என்று செல்வராசு நினைத்தார். நான் அந்தக் கையை எடுத்து அசைத்துப் பார்த்தேன்.

“ஊட்டுக்குப் போலாமாம்மா?” என்று செல்வராசு அவள் முகத்தருகே குனிந்து உதட்டை அசைத்துக் கேட்டார்.

சுபா கண்ணை இறுக மூடினாள். கொஞ்சம் கழித்துத் திறந்தாள். மறுநாள் பிற்பகலில், வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது.

பெரம்பலூருக்குக் கொண்டுவந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “அவளுக்கு விடுதலைம்மா. ஒனக்குந்தான்.” நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரும் விலங்கு போட்டிருக்கவில்லையே.

செல்வராசு வண்டியை எடுக்காமல் கிடந்தார். நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாற்காலியைக் குன்னத்தில் ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டில் யாரும் எங்களை எதற்கும் கூப்பிடவில்லை. அவள் ஒருநாளும் சத்தமாகக் கூப்பிட்டவளில்லை. ஆனாலும் அந்த அமைதி வேறு மாதிரி இருந்தது.

மாசி பிறந்த சமயம் ஒரு நாள் காலையில் போய்க் கொட்டகையைத் திறந்தேன். உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. மேஜையில் எல்லாம் தூசி படிந்து அப்படியே கிடந்தது. சுவிட்சைப் போட்டேன். கோடு அலையடித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் உடனே எதையாவது மாற்றத் தொடங்குவேன். அன்று கை எழவில்லை.

அப்படி வெறுமனே பார்த்ததில்தான் பிடிபட்டது. இரண்டு காவலையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட விட்டிருந்தேன். வெளிச்சம் ஒரு கணம்கூடத் தவறக் கூடாது என்ற பயத்தில் இரண்டாவதையும் விரட்டியிருந்தேன். அதற்கு அவசரம் தேவையே இல்லை. முதல் காவல் தன் வேலையை முடித்து அமைதியானதற்குப் பிறகு அது நிதானமாக எழுந்து பார்த்தால் போதும். அதை மெதுவாக்கப் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை மாட்டினேன். கோடு ஒருமுறை உயர்ந்து, தாழ்ந்து, நேராக ஓடியது.

அரியலூரில் இருந்தது போன்ற மணிக் கம்பியைச் சுருள் சுருளாக நடுவில் இணைத்தேன். வெளிச்சம் மங்கியது. மணி அடித்தது. ஆனால் துடிக்கவில்லை. மங்கலாக, நின்று எரிந்தது. வெயில் ஏறித் தகரம் கொதித்தது. அப்போதும் நின்று எரிந்தது.

இடப்பக்கம் திரும்பினேன். சொல்ல ஆளில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் புது டிரைவர்தான் இப்போது என் எல்லா விளக்குகளிலும் இருக்கிறது. முதலாவது அரியலூர் மாடியறைக்குப் போனது. “சுபா எப்படி இருக்குங்க்கா?” என்று மேரி போனில் கேட்கப்போக, செல்வராசு போனை வாங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெளியூர்ப் பஸ்

அடுத்த பொங்கல் கழிந்து கொஞ்ச நாள் இருக்கும். முற்பகலில் வாசலில் ஆள் அரவம். சத்யா. இடுப்பில் குழந்தை. மேரியிடம் முகவரி வாங்கிக்கொண்டு, தா.பழூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். மேரி முகவரியை மட்டும்தான் கொடுத்திருக்கிறாள்.

“அக்கா! ஒங்களுக்கு இவளக் காட்டணும்னு ரொம்ப நாளா நெனப்பு” என்று குழந்தையை இறக்கிவிட்டாள். அது நின்றது. குடுகுடுவென்று நடந்தது. கதவுச் சங்கிலி சத்தத்துக்குச் சட்டென்று திரும்பிப் பார்த்தது. அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. நான் அதன் கண்கள் மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பேரு என்னம்மா?”

“தர்ஷினிங்க.”

எனக்குள் ஏதோ இளகியது. எங்கே சுபா என்று வைத்திருப்பாளோ என்று ஒரு கணம் பயந்திருந்தேன்.

“பெரிய பாப்பா எங்கங்க்கா? தூங்குதா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்த இடத்தில் சுவரில் படம். அதில் மாலை.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து விட்டார்கள். இப்போதுதான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவினேன். செல்வராசு மிரண்டுபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

ஓய்ந்த பிறகு, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

“இத என்ன பண்றதுன்னு தெரியலைங்க்கா. அதுக்குன்னு வாங்கினேன். கண்ணாடி வளையல்னா கைய அடிச்சுக்கும்போது ஒடஞ்சு குத்திடும். அதான் நூல் வளையலாப் பாத்து வாங்கினேன். கடைக்காரரு அளவு கேட்டாரு. அன்னிக்கு அது கையப் புடிச்சிருந்தேன்ல, அத வெச்சு சொன்னேன்.”

நீல நூல் சுற்றிய நான்கு வளையல்கள்.

சாப்பிட வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். செல்வராசு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் ஒரு வளையலை எடுத்து, விரல்களைக் குவித்து என் கையில் நுழைத்துப் பார்த்தேன். பெருவிரல் மூட்டைத் தாண்டவில்லை.

சுபாவுக்குச் சரியாக இருந்திருக்கும்.